வீட்டில் ஒரு கதிர்வீச்சு மீட்டர்: குமரி மாவட்டத்தார் கேள்விகளும் என் பதில்களும்

வளைகுடாவில் பைப்லைன் வெல்டிங்கை இரிடியம்-192 என்ற கதிர்வீசும் பொருளை வைத்துப் படம் எடுக்கும் ரேடியோகிராபி வேலையில் பல வருடம் இருந்தேன். சட்டையில் உடம்பில் பட்ட கதிரளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ், கையில் சுற்றிலும் உள்ள கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர், அதுதான் அன்றாடம். ஊர் திரும்பிய பிறகு, அவசரத்துக்கு வீட்டில் ஒரு மலிவு மீட்டர் வைக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இதோ.

அஞ்சுகிராமத்திலிருந்து: கூடங்குளம் எங்களுக்குப் பக்கம். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் கைகர் மீட்டர் போதுமா, அண்ணாச்சி?

போதும் தம்பி, அது எதற்கு உதவும் என்று தெரிந்து வாங்கினால். உள்ளே இருப்பது வாயு நிரப்பிய ஒரு சின்னக் குழாய். கதிர் பட்டதும் அதில் ஒரு மின்துடிப்பு எழும். அதுதான் நீங்கள் கேட்கும் ‘டிக்’. நேற்றைக்கும் இன்றைக்கும் மாற்றம் இருக்கிறதா என்று அது நன்றாகச் சொல்லும். உடம்பில் துல்லியமாக எவ்வளவு ஏறியது என்பதற்கு அதை நம்ப வேண்டாம்.

அதனால் வாங்கிய அன்றே வேலையைத் தொடங்குங்கள். படுக்கையறை, மொட்டை மாடி, கிணற்றடி என்று ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் வைத்து, சராசரியை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கிரானைட் தரை போட்ட அறையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அது இயல்பு. ஒரு நிமிடத்தில் எண் மேலும் கீழும் குதிக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சராசரியைப் பாருங்கள். இந்த நோட்டு இல்லாமல் மீட்டர் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

மணவாளக்குறிச்சியிலிருந்து: கடற்கரையில் மீட்டர் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டி அலாரம் அடித்தது. அணு உலையில் கசிவா?

இல்லை. அது நம் மண்ணின் குணம். மைக்ரோசீவர்ட் என்பது உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு. சாதாரண ஊர்களில் மணிக்கு 0.1 முதல் 0.2 மைக்ரோசீவர்ட் வரை காட்டும். நம் கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் கதிர்வீசும் தோரியம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டறிந்ததே உங்கள் ஊரில்தான். மணல் ஆலை அங்கே வந்ததும் அதனால்தான். ஆகவே அலாரம் அடிக்கும் அளவை உங்கள் வீட்டு எண்ணுக்கு மேலே மாற்றி வையுங்கள். மீட்டரை மணலோடு ஒட்டி வைக்காமல் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். ஒட்டி வைத்தால், அதிக தூரம் போகாத பீட்டா கதிரும் சேர்ந்து எண்ணைக் கூட்டிவிடும்.

இதே வகை மணல் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் உண்டு. அங்கே சுமார் 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், இந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நம் கரை மக்கள் புற்றுநோய் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு மருத்துவக் கணக்கெடுப்புதான் பதில் சொல்ல வேண்டும், கையில் உள்ள மீட்டரால் முடியாது. ஒன்று மட்டும்: வேடிக்கைக்காகக் கருமணலைக் குப்பியில் அடைத்து வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: நேற்று பெருமழை. அப்போது எண் கிட்டத்தட்ட இரட்டிப்பானது!

நல்ல கவனிப்பு. மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிர்வீசும் வாயு காற்றில் சிதைந்து உண்டாகும் துகள்களை மழை கழுவித் தரைக்குக் கொண்டுவருகிறது. அவற்றின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், அரை மணி நேரத்துக்கும் குறைவு. மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் எண் பழைய நிலைக்கு இறங்கிவிடும். இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் உங்களுடையது, நோட்டில் மழை நாளையும் குறித்து வையுங்கள். மழை விட்டு அரை நாள் ஆகியும் இறங்கவில்லை என்றால்தான் கேட்க வேண்டிய விஷயம்.

குளச்சலிலிருந்து: மீட்டர் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது அண்ணே?

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் வீட்டில் கிடக்கிறதா? அந்தக் காலத்து மேன்டிலில் தோரியம் இருக்கும். உறையைப் பிரிக்காமல் மீட்டரின் அருகே வைத்தாலே ‘டிக்’ அதிகமாகும். எரித்த மேன்டில் வேண்டாம், அதன் சாம்பலை மூச்சில் இழுக்கக் கூடாது.

மார்த்தாண்டத்திலிருந்து: மொபைல் ஆப் போதாதா?

போதாது. கேமராவை மூடி அளக்கும் ஆப், மிக அதிக அளவில்தான் எதையாவது உணரும். சில ஆப்கள் வெறும் பொய் எண் காட்டுகின்றன.

தக்கலையிலிருந்து: பூஜ்ஜியம் காட்டினால் பாதுகாப்புதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பூஜ்ஜியம் என்பது எந்த ஊரிலும் இயல்பான எண் இல்லை. ஒருமுறை வேலையிடத்தில் ஒரு மீட்டர் பூஜ்ஜியத்தில் நின்றது. உடன் வேலை பார்த்தவர் அதை நம்பி, கதிர் வீசிக்கொண்டிருந்த படமெடுக்கும் கருவியை நோக்கி நடந்தார். என் மீட்டர் கத்தியதால் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. அன்றைய நடுக்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, கதிர் அளவுக்கு மீறினால் கைகர் குழாய் திணறிவிடும். மலிவு மீட்டர்கள் பல மணிக்கு 1 மில்லிசீவர்ட், அதாவது 1,000 மைக்ரோசீவர்ட் வரைதான் அளக்கும். அதற்கு மேல் சில மீட்டர்கள் குறைத்துக் காட்டும், பூஜ்ஜியமே காட்டுவதும் உண்டு. எண் விறுவிறுவென ஏறித் திடீரென விழுந்தால், விலகிப் போங்கள்.

நாகர்கோவில், பழைய இரும்புக் கடை: எங்களுக்கு இது தேவையா?

மற்ற எல்லாரையும் விட உங்களுக்குத்தான் தேவை. 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழகம் கழித்துவிட்ட கருவியிலிருந்து வந்த கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் உலோகம் ஒரு தொழிலாளியின் உயிரை எடுத்தது. கனமான ஈய உருளையோ கதிர்வீச்சு எச்சரிக்கையான மூன்று இதழ் சின்னமோ கண்டால் வெட்டாதீர்கள், உருக்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு ஆசிரியை: உண்மையிலேயே எச்சரிக்கை வந்தால் முதலில் என்ன செய்வது?

வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலை அடைத்துவிடுங்கள் டீச்சர். ஓட்டு வீட்டைவிட கான்கிரீட் வீட்டின் நடு அறை நல்லது. வெளியில் இருந்து வந்தவர் உடை மாற்றிக் குளிக்கட்டும். ரேடியோ சொல்வதைக் கேளுங்கள். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும்தான் காக்கும், அதிகாரிகள் சொன்ன நேரத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். அயோடின் உப்பை அள்ளித் தின்பதால் பலனில்லை. 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் சீனாவில் மக்கள் உப்புக்காக முண்டியடித்தது வீணாகத்தான் போனது. மீட்டர் இதற்கெல்லாம் அடுத்துதான் வரும்.

அப்புறம், 2017-ல் ஒக்கி அடித்தபோது நாம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். சார்ஜ் போடும் மீட்டரைவிட, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடுகிற மீட்டரும் ரேடியோவுமே நமக்குச் சரி. பேட்டரியை உள்ளே போட்டு வைத்தால் கசிந்து துருப்பிடிக்கும், பக்கத்தில் தனியாக வையுங்கள்.