அறிவிக்காத பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது 51. பணியில் சேர்ந்தது 1998இல். அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய். அரசிடம் பணமில்லை, 2020 மாதிரி மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒரே பேச்சு. வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு மூன்று லட்சம் தனிநபர் கடன் வாங்கி, சரண்டர் பணமும் (ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் ரொக்கம்) டி.ஏ. அரியரும் (அகவிலைப்படி நிலுவை) வரும்போது அடைத்துவிடலாம் என்றிருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. பேசாமல் விருப்ப ஓய்வில் போய்விடட்டுமா?

பதில்: வேண்டாம், சகோதரி. விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தால் அது மேசைக்குள்ளேயே இருக்கட்டும். சிக்கனம் என்று அரசு இறங்கினால் கை வைக்கும் இடம் உங்கள் வேலை அல்ல. இன்னும் அறிவிக்கப்படாத பணம். அந்தப் பணத்தைத்தான் நீங்கள் கடனுக்கு ஈடாக நினைத்திருக்கிறீர்கள். மாற்றவேண்டியது அதை மட்டும்தான்.

2020இல் நடந்ததைச் சரியாகப் பார்ப்போம். அடிப்படை ஊதியம் குறையவில்லை. வாங்கிக்கொண்டிருந்த 17 சதவீத அகவிலைப்படியும் குறையவில்லை. 1.1.2020, 1.7.2020, 1.1.2021 ஆகிய மூன்று தவணைகளின் உயர்வு நின்றது. அந்த ஒன்றரை ஆண்டுக்கு நிலுவையும் இல்லை என்றார்கள். ஒன்றிய அரசு 2021 ஜூலையில் 28 சதவீதமாக உயர்த்தி, பிறகு அதே ஜூலையிலிருந்தே 31 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முடிய 17தான், 1.1.2022 முதல்தான் 31.

இதை ரூபாயில் போட்டால் பயத்துக்கு ஓர் அளவு கிடைக்கும். மாதாமாதம் கிடைக்காமல் போன உயர்வு, முதல் ஆறு மாதம் அடிப்படை ஊதியத்தில் 4 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 7, அதற்கடுத்து 11, கடைசி ஆறு மாதம் 14. ஒவ்வொன்றையும் ஆறு மாதத்தால் பெருக்கிக் கூட்டினால் 216 சதவீதம். இரண்டு ஆண்டில் போனது இரண்டு மாத அடிப்படை ஊதியத்துக்குச் சற்று மேல். 50,000 ரூபாய் அடிப்படைக்கு 1,08,000 ரூபாய். சின்னத் தொகை அல்ல. ஆனால் குடும்பம் கவிழ்ந்துபோகும் தொகையும் அல்ல, அதை நம்பி யாரிடமும் கடன்படாதவரை.

சரண்டர்தான் அதிகம் அடிபட்டது. ஓராண்டுக்கு மட்டும் என்று 2020 ஏப்ரலில் நிறுத்தினார்கள். நீட்டிப்பு மேல் நீட்டிப்பாகப் போய், 1.10.2025 முதல்தான் திரும்பக் கிடைத்தது. 'ஓராண்டு' ஐந்தரை ஆண்டானது. அடுத்த முறை இப்படி ஓர் ஆணை வந்தால் அதில் போட்டிருக்கும் காலக்கெடுவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வேலை செய்து முடித்த மாதத்தின் சம்பளம் வேறு வகை. ஆந்திராவில் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் ஒரு பகுதியை ஒத்திவைத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தத் தொகையை 6 சதவீத வட்டியோடு கொடுக்கவேண்டும் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. உழைத்துச் சம்பாதித்த சம்பளம் உங்கள் உரிமை; வரப்போகும் அகவிலைப்படி உயர்வும் சரண்டரும் அரசாணையில் வருபவை, அரசாணையிலேயே நிற்பவை. குடும்பக் கணக்கில் இவை இரண்டும் ஒரே வரியில் வரக்கூடாது.

இப்போது கல்யாணக் கடன். மூன்று லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டு தவணையில் வாங்கினால் மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய் போகும். கடந்த மூன்று மாதச் சம்பளப் பட்டியலை எடுங்கள். பொது வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவுச் சங்கப் பிடித்தம், காப்பீடு எல்லாம் போகக் கைக்கு வந்த தொகையில், வீட்டுக்கடனும் வீட்டுச் செலவும் கழித்து அந்தப் பத்தாயிரம் மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் அந்தக் கடன் வேண்டாம்.

உங்களிடம் அதைவிட நல்ல வழி இருக்கிறது. நீங்கள் 1.4.2003க்கு முன் சேர்ந்தவர். வைப்பு நிதிக் கணக்கு இருக்கும். மகள் திருமணத்துக்குத் திருப்பிச் செலுத்தவேண்டாத பகுதி இறுதித் தொகை கேட்கலாம். உங்கள் பணிக்காலத்துக்கு அந்தத் தகுதி உண்டு. அந்தப் பணம் அங்கே ஈட்டுவது 7.1 சதவீதம், 12 சதவீதக் கடனைத் தவிர்க்க அதை எடுப்பதில் தவறில்லை. தவணையும் கிடையாது.

இதில் சிக்கல் வருவது ஒரே இடத்தில்: விடுபட்ட வரவு. மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் ஆண்டுக் கணக்குச் சீட்டில் பன்னிரண்டு மாதமும் ஏறியிருக்கிறதா பாருங்கள். மாறுதல் ஆன மாதமும் அயற்பணிக் காலமும் (வேறு நிறுவனத்தில் தற்காலிகமாகப் பணிசெய்த காலம்)தான் பெரும்பாலும் விடுபடும். விடுபட்ட மாதத்துக்குக் கருவூல வவுச்சர் எண்ணும் தேதியும் தேடி எடுத்து, சம்பளப் பட்டியல் நகலோடு அனுப்பவேண்டும். பழைய மாதமானால் தேடவே வாரங்கள் ஆகும். தேதி குறிக்கும் முன்பே தொடங்குங்கள்.

கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறீர்களா? சம்பளம் இறுக்கமாகும் காலத்தில் கடன்காரர் தவணை தவறினால் பிடித்தம் ஜாமீன்தாரர் பக்கம் திரும்பும். நிலுவை எவ்வளவு என்று சங்கத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக யாருக்கும் இப்போது கையெழுத்துப் போடவேண்டாம். சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

விருப்ப ஓய்வை ஏன் வேண்டாம் என்கிறோம்? உங்களுக்குப் பழைய ஓய்வூதியம். 30 ஆண்டு தகுதிப் பணிக்குக் கடைசி ஊதியத்தில் பாதி. இப்போது போனால், விருப்ப ஓய்வில் போவோருக்குக் கணக்கில் சேர்க்கும் கூடுதல் பணிக்காலத்தையும் சேர்த்து முழு ஓய்வூதியமே கணக்கிட்டாலும் 25,000 ரூபாய். 60 வயதுவரை இருந்து, ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு மட்டும் வந்தாலே அடிப்படை 65,000ஐத் தொடும், பாதி 32,500. மாதம் 7,500 ரூபாய் வித்தியாசம், அதன்மேல் அகவிலைப்படி வேறு, ஆயுள் முழுக்க. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுச் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை. அகவிலைப்படியில் ஒன்றேகால் லட்சத்துக்குள் வரும் இழப்புக்குப் பயந்து இதை விடாதீர்கள். (1.4.2003 முதல் சேர்ந்த வாசகர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.)

பணியிடங்களைக் குறைக்கும் பேச்சு வந்தால் முதலில் போவது காலிப் பணியிடம்; ஆள் இருக்கும் இடம் உபரி என்றால் பணிநிரவல், அதாவது ஆள் தேவைப்படும் வேறு இடத்துக்கு மாற்றுவது. அப்போது கேட்பது பணிப்பதிவேடு. பணிவரன்முறை (பணியை முறைப்படுத்திய) ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, துறைத் தேர்வுத் தேர்ச்சி, ஆண்டு ஊதிய உயர்வு ஒவ்வொன்றும் அதில் ஏறிக் கையொப்பத்தோடு இருக்கிறதா என்று நீங்களே பக்கம் பக்கமாகப் பாருங்கள். விடுப்புக் கணக்குப் பக்கத்தில் ஈட்டிய விடுப்பு இருப்பையும் பாருங்கள். அது அரையாண்டுக்கு 15 நாள் ஏறும். 240க்கு மேல் சேராது. சரண்டர் நின்ற ஆண்டுகளில் 240ஐத் தொட்டவர்கள் பலர். நீங்களும் அதை நெருங்கியிருந்தால் கல்யாண வேலைக்குத் தற்செயல் விடுப்பைக் கரைக்காமல், அடுத்த வரவு ஏறும் முன் ஈட்டிய விடுப்பையே எடுங்கள்.