கடையின் இணையத்தளத்தைப் புதிதாகச் செய்வதா, திருத்துவதா? ஆறு கேள்விகள்

கேள்வி அனுப்பிய எல்லாரும் தங்கள் தளத்தைக் கடைக் கணினியில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் ஒவ்வொன்றையும் போனில், டேட்டாவில் திறந்து பார்த்த பிறகுதான் பதில் எழுதினேன். சில பதில்கள் மாறிப்போனதற்கு அதுதான் காரணம்.

வெள்ளவத்தையில் சேலைக்கடை. தளம் 2013இல் செய்தது. கணினியில் அழகாக இருக்கிறது. போனில் எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது என்கிறார்கள். புதிதாகத்தான் செய்ய வேண்டுமா?

ஆம், செய்யுங்கள். 2015 ஏப்ரலில் கூகுள், போனில் வாசிக்க வசதியான பக்கங்களைப் போன் தேடலில் முன்னே கொண்டுவரத் தொடங்கியது. இப்போது கூகுள் ஒரு தளத்தைத் தன் தேடல் பட்டியலில் சேர்ப்பதே அது போனில் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான். உங்கள் பக்கங்கள் கணினித் திரையின் அகலத்துக்கென்றே கட்டப்பட்டவை. எழுத்தை மட்டும் பெரிதாக்கிச் சமாளிக்க முடியாது.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தளத்தை ஒருநாளும் பார்த்திராத ஒருவரிடம், வயதான அம்மா யாராவது என்றால் இன்னும் நல்லது, போனைக் கொடுங்கள். கூறைச் சேலை என்ன விலையில் தொடங்குகிறது, ஞாயிறு திறந்திருக்குமா, காலி வீதியில் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று தேடச் சொல்லுங்கள். வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, விரல் தயங்கும் இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். தளம் செய்பவரிடம் கொடுக்க அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. அப்புறம், உங்கள் தொலைபேசி எண் 077 என்று தொடங்குகிறது. கலியாணச் சேலை எடுக்க ரொறன்ரோவிலிருந்து அழைப்பவருக்கு அது போகாது. +94 77 என்று மாற்றுங்கள். இதற்குப் புதிய தளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

செட்டியார் தெருவில் நகைக்கடை. தளத்துக்கு மூன்று வயதுதான். வட்ஸ்அப்பில் தினமும் விசாரிக்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கடைக்காரர் தன் தளத்தின் முகப்பில் வீடியோ ஓடுகிற மாதிரிப் புதிதாகச் செய்துவிட்டார். மகன் நமக்கும் வேண்டும் என்கிறான்.

தினமும் விசாரணை வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தத் தளத்தில் கை வைக்காதீர்கள். ஒரு பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். முகப்பில் பெரிய வீடியோ ஓடவிட்டு அதற்குள் அடங்குவது கஷ்டம். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் தளத்தின் முகவரியையும் போட்டுப் பாருங்கள். தாலிக்கொடிப் படங்கள் ஒவ்வொன்றும் 4 மெகாபைட்டுக்கு மேல், கமெராவில் எடுத்தபடியே கிடக்கின்றன. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 200, 300 கிலோபைட்டுக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மகன் செலவழிக்க ஆசைப்பட்டால் நல்ல வெளிச்சத்தில் நகைகளைப் புதிதாகப் படம் பிடிக்கட்டும். இன்னொன்று: முகப்பில் பவுன் விலை போட்டிருக்கிறீர்கள், எட்டு மாதத்துக்கு முந்திய திகதியோடு. அதைப் பார்ப்பவர் மற்ற விலைகளையும் நம்ப மாட்டார். தினமும் மாற்ற ஆள் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் புத்தகக்கடை. 2006இல் செய்த தளம், 800 தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் இருக்கிறது. கடைக் கணினியில் சரியாகத் தெரிகிற தமிழ், போனில் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது. எல்லாம் போய்விட்டதா?

ஒன்றும் போகவில்லை. உங்கள் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். எழுத்துரு நிறுவிய கணினியில் தமிழாகத் தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான். நீங்கள் 'தமிழ்' என்று வாசிக்கும் இடத்தில் கூகுளுக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. யாராவது யுனிகோடில், அதாவது இன்று எல்லாப் போனும் கணினியும் பயன்படுத்தும் பொது எழுத்து முறையில், ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டித் தேடினால் உங்கள் கடை எப்படி வரும்? இத்தனை வருடமாக 800 புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டுக் கடைக் கதவைச் சாத்தி வைத்திருந்த மாதிரி. எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை.

தளத்தைத் தொடுவதற்கு முன் பட்டியலைக் காப்பாற்றுங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. முழுப் பக்கத்தையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். இடையில் உள்ள மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அவற்றை முதலில் பிரித்து எடுங்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' இருப்பதால், மாற்றிய பிறகு காற்புள்ளி வர வேண்டிய இடங்களில் 'இ' வந்து நிற்கும். இலங்கைத் தமிழ்ப் பக்கங்களில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் 800 தலைப்பையும் வரிவரியாகப் பார்க்க வேண்டும். பெயர், ஆசிரியர், விலை என்று ஓர் எக்செல் தாளில் வந்த பிறகு புதிய தளம் செய்யக் கொடுங்கள். அலங்காரம் வேண்டாம், மேலே ஒரு தேடும் பெட்டி போதும்.

தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது. முழுதாக மாற்ற வேண்டும் என்று ஒரு நிறுவனம் விலை சொல்கிறது.

வேண்டாம். பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களுக்குக் கூகுளின் குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்து இப்படிக் காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. உங்கள் தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியில் விருந்தினர் விடுதி. போன மாதம் தளத்தைப் புதிதாக்கினோம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூகுளிலிருந்து ஆட்கள் வருவது விழுந்துவிட்டது.

பக்கங்களின் முகவரிகள் மாறிவிட்டன, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழி போடவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கலியாண மண்டபத்தின் தளத்தில் நானே இதே தவறைச் செய்தேன். சீசன் நேரத்தில் அவர்களுக்கு அழைப்பே இல்லாமல் போனது. அந்த முதலாளியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

சரி செய்யலாம். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சேர்ச் கொன்சோலிலும், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினிலும் பழைய முகவரிகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு '301' முறையில், அதாவது நிரந்தரமாக, திருப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பல் வேலை, ஏற்காதீர்கள். குறைந்தது ஒரு வருடம் இந்த 301 திருப்பங்களை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

புறக்கோட்டையில் ஹாட்வெயார் கடை. தளம் நன்றாகத்தான் இருக்கிறது. செய்து தந்த பிள்ளை வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் எதுவும் எங்களிடம் இல்லை. விலையை மாற்றவே முடியவில்லை.

இந்த ஆறு பேரில் அவசரமானது உங்கள் நிலைதான். விலை மாற்ற முடியாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தினமும் உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. அது, தளங்களை இயக்கும் பிஎச்பி என்ற மென்பொருளின் 7.4 பதிப்பில் ஓடுகிறது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன.

வடிவமைப்பைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது டொட் எல்கே முகவரி, ஆகவே அந்த முகவரிகளைப் பதிவுசெய்யும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் கடையின் வியாபாரப் பதிவுப் பத்திரத்தோடு விசாரியுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் மீதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டும்போது எல்லாக் கணக்குகளும் கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும், கடவுச்சொற்கள் கல்லாவோடு பூட்டிய ஒரு கொப்பியில் இருக்கட்டும்.

அந்தப் பிள்ளைக்கும் இன்றைக்கே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள், கோபப்படாமல். அவருடைய பழைய மின்னஞ்சலில் எல்லாக் கடவுச்சொல்லும் இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.