ஆஸ்திரேலியா ஆர்டருக்கு 'ஜீரோ டூட்டி பேப்பர்' வாங்கித்தர 18,000 கேக்கறாங்க, குடுக்கலாமுங்களா?

பெருமாநல்லூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க. இத்தனை நாளு ஜாப் ஒர்க் பண்ணிட்டு இருந்தவரு, மொதத் தடவையா மெல்போர்ன் பையர் ஒருத்தர்கிட்ட நேரா ஆர்டர் புடிச்சிருக்காரு. 4,000 காட்டன் டி-ஷர்ட்டு, பீஸ் 300 ரூபா. பையர் 'ஈசிடிஏ (இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம்) சர்டிபிகேட் ஆப் ஆரிஜின் அனுப்பு'ன்னு மெயில் போட்டிருக்காரு, இங்க ஒரு ஏஜெண்ட் 'அது டெல்லி வரைக்கும் போற சோலி, நமக்கு ஆளு இருக்கு, 18,000 ஆகும்'ங்கறாராம். குடுக்கலாமா, நம்ம சரக்குல லேபிள், டேப்புன்னு சைனா ஐட்டம் இருந்தா என்ன ஆகும், இதான் கேள்வி.

குடுக்காதீங்க தம்பி. அந்த சர்டிபிகேட்டுக்கு டிஜிஎப்டி, அதாவது ஏத்துமதி இறக்குமதியப் பாக்கற மத்திய அரசு ஆபீசு நடத்தற போர்ட்டல்ல நீங்களே அப்ளை பண்ணலாம், பீஸு சில நூறு ரூபாயோட முடிஞ்சு போகும். டைப் பண்ணத் தெரியலைன்னா தெரிஞ்ச ஆளை வெச்சு கூலி குடுத்துப் பண்ணுங்க, தப்பில்ல. 'ஆளு இருக்கு'ன்னு சொல்றவன்கிட்ட மட்டும் போகாதீங்க.

இது என்ன பேப்பர்னு சுருக்கமா சொல்லிடறேன். இந்த ஈசிடிஏ ஒப்பந்தத்துக்கு இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2011லயே பேச ஆரம்பிச்சது, நடுவுல வருஷக்கணக்கா கெடப்புல கெடந்து, 2021ல தூசி தட்டி எடுத்து, 2022 ஏப்ரல் 2 கையெழுத்துப் போட்டு, அதே வருஷம் டிசம்பர் 29 அமலுக்கு வந்துச்சு. அதுனால நம்ம பனியன் துணிமணிக்கு அங்க இருந்த 5% டூட்டி இப்ப ஜீரோ. ஆனா சும்மா ஜீரோ இல்லீங்க, 'இந்த சரக்கு இந்தியாவுலதான் பொறந்துச்சு'ன்னு நம்ம கவர்மெண்டு அவங்க கவர்மெண்டுக்குக் குடுக்கற பொறப்புச் சான்றிதழ் மாதிரி ஒண்ணு வேணும். அதான் இது.

இங்கதான் நெறைய பேரு ஏமாறது. ஆர்டர் 12 லட்சம், அதுல 5%ன்னா 60,000. இந்த 60,000 மிச்சமாகறது பையருக்கு, உங்களுக்கில்ல. அந்த ஊரு கஸ்டம்ஸ்ல கட்டறது அவருதானே. சர்டிபிகேட் வாங்கினா கவர்மெண்டு உங்களுக்கு 5% திருப்பித் தரும்னு ஒருத்தன் சொல்லித் திரியறான்னு கேள்விப்பட்டேன், டிராபேக்கையும் (ஏத்துமதி பண்ணினா நம்ம கவர்மெண்டு திருப்பித் தர்ற வரி) இதையும் போட்டுக் கொழப்பிக்கிட்டான். மிச்சமாகறதுல உங்களுக்குப் பங்கு வேணும்னா பீஸுக்கு அஞ்சு ரூபா ஏத்திக் கேளுங்க, இப்பவே, பிஓ (பையரோட ஆர்டர் பேப்பர்) கன்பார்ம் ஆகறதுக்கு முன்னாடி. அப்பறம் கேட்டா சிரிப்பாங்க. அந்த ஊரு 10% ஜிஎஸ்டி எப்பவும் போல உண்டு, பையர் 'ஜீரோன்னு சொன்னியே'ன்னு சண்டைக்கு வந்தா நீங்க முழிக்காதீங்க.

சரி, சைனா டேப்பு. உங்க நூலு நம்ம பக்கத்து மில்லு நூலு, நிட்டிங் இங்க, டையிங் இங்க, கட்டிங் தையலு இங்க. இதுல லேபிளும் ட்வில் டேப்பும் வெளிநாடுன்னா எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் சிக்கல் வந்ததில்ல, ஆனா அப்ளிகேஷன்ல மறைக்காம காட்டிடுங்க. துணியே இறக்குமதின்னா கதை வேற. ஒவ்வொரு எச்எஸ் கோடுக்கும் (சரக்கு எந்த வகைன்னு கஸ்டம்ஸ் வெச்சிருக்கற நம்பரு) ஒப்பந்தத்தோட பின்னிணைப்புல ஒரு ரூலு இருக்கும், அதைப் படிக்காம கப்பல் ஏத்தக் கூடாது. பாலியஸ்டர் கலப்பு, செட் ஐட்டம் எல்லாம் தனிப் பஞ்சாயத்து, உங்களுக்கு இப்ப வேண்டாம். உங்க காட்டன் டி-ஷர்ட்டுக்கு 610910. இந்த ஆறு நம்பரு உலகம் பூரா ஒண்ணுதான், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (நம்ம கஸ்டம்ஸுக்குக் குடுக்கற ஏத்துமதி பேப்பர்), சர்டிபிகேட் மூணுலயும் அதே ஆறு இருக்கணும்.

ஈசிடிஏ வந்த புதுசுல நான் வேலை பாத்த கம்பெனியில ஒரு கூத்து நடந்துச்சு. பையர் கம்பெனி பேருக்குப் பின்னாடி 'பிடிஒய் எல்டிடி'ன்னு (அந்த ஊரு பிரைவேட் லிமிடெட்) வரும், சர்டிபிகேட்டுல டைப் பண்ணின பையன் வெறும் 'எல்டிடி'ன்னு அடிச்சுட்டான். சரக்கு போய்ச் சேந்து நிக்குது, அந்த ஊரு புரோக்கர் ஒத்துக்கல, பையர் டூட்டியக் கட்டி சரக்க எடுத்துட்டு அந்தக் காசை நம்ம பேமெண்டுல கழிச்சுட்டாரு. திருத்தினது வாங்க எத்தன மெயிலு, எத்தன போனு. ரெண்டு நாட்டு மந்திரிங்க சிரிச்சுட்டு போட்டோ எடுத்துக்கறாங்க, கீழ ஒரு எழுத்துக்கு நாம ஆளா பேயா அலையறோம்.

கப்பல் விஷயம் ஒண்ணு சொல்லணும், இதுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க. 'நேரா போகணும்'னு ரூலு இருக்கே, நம்ம பெட்டி தூத்துக்குடியில ஏறி கொழும்புல எறங்கி வேற கப்பல் மாறுதே, அப்ப சலுகை போயிருமான்னு. போகாதுங்க. கொழும்போ சிங்கப்பூரோ, பெட்டி கஸ்டம்ஸ் கண்காணிப்புலயே இருந்து, அங்க அதைப் பிரிச்சு வேலை பாக்காம, ஏத்தி எறக்கினது மட்டும்னா அது நேராப் போனதாத்தான் கணக்கு. ஆனா யாராச்சும் 'கொழும்புல வெச்சு வேற பேக்கிங் போட்டு, வேற டேக் மாத்தி அனுப்பலாம்'னு ஐடியா குடுத்தா அங்கதான் மாட்டுவீங்க. பில் ஆப் லேடிங்குல (கப்பல் கம்பெனி குடுக்கற சரக்கு ரசீது) தூத்துக்குடில இருந்து மெல்போர்ன் வரைக்கும் ஒரே பேப்பரா இருக்கற மாதிரி பார்வர்டர்கிட்ட, அதான் சரக்க அனுப்பி வெக்கறவர்கிட்ட, சொல்லிடுங்க, எங்க எங்க மாறுச்சுன்னு காட்டற காகிதத்தையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

பில்லுங்கள அஞ்சு வருஷம் பத்திரமா வைங்க. நூலு பில்லு, நிட்டிங் டிசி (டெலிவரி சலான்), டையிங் பில்லு எல்லாம். அந்த ஊரு கஸ்டம்ஸுக்கு சந்தேகம் வந்தா நம்ம பக்கம் சர்டிபிகேட் குடுத்த ஏஜென்சிக்கு எழுதுவாங்க, அவங்க உங்களக் கேப்பாங்க. ஏஜெண்ட் பொய்யா எழுதிக் குடுத்திருந்தாலும் கையெழுத்து உங்களது, பதில் சொல்றதும் நீங்கதான்.

கையெழுத்துன்னதும் ஞாபகம் வந்துச்சு, அடுத்து யூகே ஆர்டர் புடிக்கலாம்னு எழுதியிருக்கீங்க. இந்தியா-யூகே ஒப்பந்தம் 2025 ஜூலை 24 கையெழுத்தானதோட போட்டோவப் பாத்துட்டு ரேட்டு குடுக்காதீங்க. கையெழுத்து வேற, அமல் வேற. சுவிட்சர்லாந்து, நார்வே இருக்கற நாலு நாட்டோட நாம போட்ட ஒப்பந்தம் 2024 மார்ச்சுல கையெழுத்து, அமலுக்கு வந்தது 2025 அக்டோபர் 1. நடுவுல ஒண்ணரை வருஷம். கப்பல் ஏர்ற அன்னிக்கு அமல்ல இருக்கான்னு அறிவிப்பைப் பாத்துட்டு அப்பறம் விலை பேசுங்க.

இன்னொண்ணு, நீங்க எழுதினதுல போற போக்குல சொன்னீங்க, ஐஇசி (ஏத்துமதி இறக்குமதிக்கு வேணுங்கற கோடு நம்பரு) எடுக்கறப்ப அந்த ஏஜெண்ட்டோட போன் நம்பரைத்தான் குடுத்தோம், டிஎஸ்சி டோக்கனும் (கம்ப்யூட்டர்ல கையெழுத்துப் போடற பென்டிரைவ் மாதிரி ஒண்ணு) அவருகிட்டயே இருக்குன்னு. அய்யோ தம்பி, அது உங்க வீட்டுச் சாவி மாதிரி. அதை வெச்சு உங்க பேருல எவன் சரக்குக்கு வேணும்னாலும் சர்டிபிகேட் எடுக்கலாம். இன்னிக்கே போயி டோக்கனை வாங்கிடுங்க, குடுக்க மாட்டேன்னா அதை ரத்து பண்ணிட்டு புதுசா எடுங்க, இப்ப ஆதார் வெச்சும் கையெழுத்துப் போட வழி இருக்கு. ஐஇசியில மெயிலு, மொபைல் ரெண்டும் உங்களுதா மாத்துங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள ஐஇசிய ஒருக்கா அப்டேட் பண்ணணும், அதுக்குக் காசு கெடையாது, விட்டா முடக்கிடுவாங்க. அதுக்கும் அந்த ஆளு 2,500 வாங்கியிருப்பாரு, பழைய ஜிபே எடுத்துப் பாருங்க.