பிரசங்கம் முடியும்வரை பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆராதனைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தவிக்கிற அம்மாமார், பாட்டிமார், ஓரிரண்டு அப்பாமார் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பாலர் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு நாம் தனியாக வேலை தேடிக் கொடுக்க வேண்டியது பிரசங்க நேரத்துக்கு மட்டும்தான். மற்ற நேரத்துக்கு ஆராதனையிலேயே வேலை இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. கொண்டுபோன பொம்மையெல்லாம் முதல் பாட்டு முடிவதற்குள் சலித்துவிடுகிறது. பிரசங்கம் தொடங்கும்போது என் கையில் ஒன்றுமே மிச்சமில்லை. என்ன செய்ய? (நாசரேத்)

பதில்: பையை ரொம்பச் சீக்கிரம் திறக்கிறீர்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒரு சாமானோடு ஐந்து நிமிஷம் இருந்தாலே பெரிய காரியம். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் காட்டிவிட்டால் எந்தப் பொம்மையும் தாங்காது.

நம்முடைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறையை ஒரு பிள்ளையின் கண்ணால் பாருங்கள். பாட்டுக்கு எழும்புகிறோம், பாவ அறிக்கைக்கு முழங்காற்படியிடுகிறோம், சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கிறோம், சுவிசேஷ பாடத்துக்கு மறுபடி எழும்புகிறோம், காணிக்கைப் பை வரிசை வரிசையாக வருகிறது. இவ்வளவு அசைவு இருக்கிற இடத்தில் பொம்மை எதற்கு? ஒவ்வொன்றிலும் அவனுக்கென்று ஒரு பொறுப்பு கொடுங்கள். பாட்டு எண் மாட்டியிருக்கிற பலகையில் 7 இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பாட்டுப் புத்தகத்தை அவனே பிடிக்கட்டும், தலைகீழாகப் பிடித்தாலும் பரவாயில்லை. பீடத்தில் விரித்திருக்கும் துணி என்ன நிறம் என்று காதுக்குள் கேளுங்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தே நாளில் சிவப்பு, விசேஷம் இல்லாத ஞாயிறுகளில் பச்சை. ஒரு வருஷம் இப்படிக் கேட்டுவந்தால் அடுத்த வருஷம் அவனே உங்களுக்குச் சொல்வான். காணிக்கையையும் அவன் கையாலேயே போட வையுங்கள். நாணயம் கொடுக்காதீர்கள், இந்த வயதில் வாய்க்குள் போய்விடும். ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும்.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மட்டும் வீட்டிலேயே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். சபை முழுவதும் ஒரே குரலாக அதைச் சொல்லும்போது, "எனக்கும் இது தெரியுமே" என்று பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். பாலர் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அது.

உட்கார்ந்து பழகவேண்டிய இடமும் கோயில் அல்ல, வீடுதான். ராத்திரி குடும்ப ஜெபத்தில் பிள்ளை உங்கள் மடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும். ஒரு பாட்டு, நாலு வசனம், சின்ன ஜெபம், பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். தினமும் இந்தப் பத்து நிமிஷம் பழகாத பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் அசையாமல் இரு என்று சொல்வது நியாயமே இல்லை. கிசுகிசுப்பதையும் வீட்டில் விளையாட்டாகவே பழக்குங்கள். மெல்லப் பேசுவது எப்படி என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிரசங்க வசனத்தை ஐயர் (சபைப் போதகர்) வாசித்த பிறகு பையைத் திறங்கள். வாரம் முழுவதும் அந்தப் பை வீட்டில் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. படாமல் இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அதற்கு மவுசு.

கேள்வி: சத்தம் போடாத சாமான் என்னென்ன வைக்கலாம்? காசு செலவழித்து வாங்க வசதியில்லை. (மார்த்தாண்டம்)

பதில்: வாங்கவே வேண்டாம். பழைய சட்டைத்துணிகளை நாலைந்து பக்கமாக மடித்துத் தைத்து ஒரு துணிப் புத்தகம் செய்யலாம். ஒரு பக்கத்தில் பெரிய பொத்தானும் காஜாவும், இன்னொன்றில் கட்டி அவிழ்க்க ஒரு நாடா, வேறொன்றில் ஒரு பாக்கெட், அதற்குள் வேதத்தில் உள்ளபடி துணியில் வெட்டிய அப்பம் ஐந்தும் மீன் இரண்டும் வையுங்கள். எண்ணி எண்ணி உள்ளே வைக்கும், வெளியே எடுக்கும். மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பொத்தானை இழுத்தாலும் வராதபடி இரட்டை நூலில் தையுங்கள். ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ மட்டும் வேண்டாம். பிரிக்கும்போது வருகிற சர்ரென்ற சத்தம் பீடம் வரைக்கும் கேட்கும்.

கைக்குட்டையில் எலி, வாழைப்பழம், பொம்மை என்று மடிக்கத் தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நாலு வயதுக்கு மேல் ஓலை மடிக்கலாம். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்கக் கற்ற பிள்ளைக்கு மற்ற ஞாயிறுகளில் காகித நாடா இரண்டு கொடுத்தால் போதும், மடித்துக்கொண்டே இருக்கும். கிரையான் கொண்டுபோனால் மூன்றே மூன்று நிறம், அதுவும் துணிச் சுருக்குப்பையில். டப்பாவோடு கொண்டுபோய் டைல்ஸ் தரையில் விழுந்தால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

கடைகளில் கிடைக்கிற எல்.சி.டி. எழுதுபலகை சத்தமில்லாதது, நல்லதுதான். ஆனால் அதற்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறது. மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விளக்கு எரிகிற பொம்மைகளுக்கும் இதுவேதான்.

சாமானைப் பற்றி யோசிக்கிறவர்கள் உடுப்பை மறந்துவிடுகிறார்கள். சலங்கை வைத்த கொலுசையும் நடக்கும்போது பீ பீ என்று கத்துகிற செருப்பையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மே மாத வெயிலில் பெண்குழந்தைக்கு நெட் கவுன் போட்டுவிட்டு அது நெளிகிறது, அழுகிறது என்றால் தவறு யாருடையது? பருத்திப் பாவாடை சட்டை போதும். ஆண்டவர் குற்றம் சொல்லமாட்டார்.

கேள்வி: போனில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறேன். தவறா? (திருநெல்வேலி)

பதில்: வேண்டாம் என்பேன். இரண்டு வயதுக்குள் திரையே காட்ட வேண்டாம், அதன்பின் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. துணிப் புத்தகத்தில் கை இருந்தாலும் பிள்ளையின் காது சபையோடு இருக்கிறது. பாட்டு தொடங்கினால் நிமிர்ந்து பார்க்கும். போனில் கண் இருந்தால் அதுவும் இல்லை. பின்வரிசைப் பிள்ளைகளும் அந்தத் திரையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்காருவோம். இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான். அவர் நிம்மதியாகப் பிரசங்கம் கேட்கிறார். (சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம்)

பதில்: ஒரு பிள்ளையை அவரோடு அனுப்புங்கள். ஆண்கள் பக்கம் பிள்ளைகள் உட்காரக்கூடாது என்று எந்தச் சபையிலும் சட்டம் கிடையாது. பால்குடி மறந்த பிள்ளை யாரிடமும் இருக்கலாம். இரண்டு பேரையும் பிரித்து உட்காரவைத்தாலே பாதிச் சண்டை போய்விடும். அவர் தயங்கினால், ஒரு வாரம் அவர் கேட்கட்டும், மறுவாரம் நீங்கள் கேளுங்கள் என்று முறைவைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். பிள்ளைக்காரர்கள் எல்லாரும் கடைசியில் போய் உட்காருகிறோம். அங்கே பிள்ளைக்குத் தெரிவது முன்னால் இருப்பவர்களின் முதுகுதான். முன்னால், பக்கவாசலுக்கு அருகே, ஒலிபெருக்கிக்குத் தள்ளி உட்காருங்கள். ஐயரின் அங்கி, மெழுகுவர்த்தி, பாடகர் குழு, ஆர்மோனியம் வாசிக்கிறவரின் விரல் எல்லாம் தெரியும். பார்க்க ஏதாவது இருந்தால் பிள்ளை பார்க்கும்.

வெளியே தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தால் தயங்காமல் போங்கள். ஆனால் அங்கே இறக்கிவிட்டு விளையாட விடாதீர்கள். இடுப்பிலேயே வைத்திருந்து, அழுகை அடங்கியதும் உள்ளே வந்துவிடுங்கள். வேப்பமரத்தடியில் ஓடி விளையாடக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் பாவ அறிக்கைக்கு முன்பே அழுகை தொடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளை ஒரு முறைப்பிலும் தொடையில் ஒரு கிள்ளிலும் அடக்கி வளர்த்தோம். மருமகள் பேரனை ஒன்றும் சொல்ல விடுவதில்லை. (தூத்துக்குடி)

பதில்: அம்மா, உங்கள் முறைப்பு தொடரட்டும், கிள்ளு வேண்டாம். கிள்ளினால் பிள்ளை அடங்குவது உண்மைதான், ஆனால் கோயில் என்றால் வலிக்கும் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்கிறது. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்று ஆண்டவர் சொன்னது, பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைத் தம் சீஷர்களே அதட்டியபோதுதான். உங்களால் மருமகளுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. பிரசங்க நேரத்தில் பேரனை உங்கள் மடிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியின் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விளையாடியே தூங்கிப்போகிற பிள்ளைகள் உண்டு. தூங்கட்டும். பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் பண்ணியபோது ஐத்திகு என்ற வாலிபனே ஜன்னலில் தூங்கி விழுந்திருக்கிறான்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். மறையுரையின்போது (பிரசங்கத்தின்போது) குழந்தை கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வளரும்வரை ஞாயிறு பூசைக்கு வராமல் இருக்கலாமா? (திருச்சி)

பதில்: வராமல் இருக்காதீர்கள். சிறுவரோடு நிறைவேற்றும் திருப்பலிக்கென்று (பூசைக்கென்று) 1973-இல் உரோமையிலிருந்தே ஒரு வழிகாட்டி வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் பக்கத்து இடம் ஒன்றில் வார்த்தை வழிபாட்டை, அதாவது வேத வாசகப் பகுதியை, நடத்தி, நற்கருணை வழிபாட்டுக்குப் பெரியவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றும், மிகச் சின்னக் குழந்தைகளைப் பங்கைச் சேர்ந்தவர்கள் தனியிடத்தில் பார்த்துக்கொண்டு, முடிவில் ஆசீர் பெறக் கொண்டுவரலாம் என்றும் அதில் இருக்கிறது. மறைக்கல்வி ஆசிரியர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அதுவரைக்கும் திரும்பிப் பார்க்கிறவர்களைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: தின்ன என்ன கொடுக்கலாம்? (நாகர்கோவில்)

பதில்: காலையில் இட்லியோ பழமோ வயிறாரக் கொடுத்து, உள்ளே நுழையுமுன் ஒன்றுக்குப் போகவைத்துக் கூட்டிவந்தால் பெரும்பாலும் ஒன்றும் தேவைப்படாது. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பிஸ்கெட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வாருங்கள், எவர்சில்வர் வேண்டாம். வேர்க்கடலை, பொரிகடலை, முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் ஆகியவற்றை ஐந்து வயதுக்குள் கொடுக்கவே கூடாது. புரைக்கேறும், மூச்சையே அடைக்கும்.

கேள்வி: கைக்குழந்தைக்கு ஆலயத்துக்குள் பால் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். (கோயம்புத்தூர்)

பதில்: கொடுங்கள். 2017 ஜனவரியில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு கொடுத்தபோது, குழந்தை பசித்து அழுதால் அங்கேயே பால் கொடுங்கள், மரியாளும் இயேசுவுக்கு அப்படித்தானே கொடுத்தாள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் தாய்மாரிடம் சொன்னார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் டிரம்ஸ் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஜெபித்தால் அடங்கிவிடுவான் என்கிறார்கள். (சென்னை)

பதில்: ஜெபியுங்கள், அதோடு அவன் காதையும் பாதுகாருங்கள். கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் நீங்கள் கத்திப் பேசவேண்டியிருந்தால் அந்தச் சத்தம் எந்தப் பிள்ளைக்கும் அதிகம். காதை மூடுகிற ஒலித்தடுப்பான் பிள்ளைகளின் அளவிலேயே கிடைக்கிறது. அதை வீட்டில் போட்டுப் பழக்குங்கள். ஸ்பீக்கரிலிருந்து எட்டி, வாசலருகே உட்காருங்கள்.

ஒரு சனிக்கிழமை பாஸ்டரிடம் கேட்டு, யாருமில்லாத நேரத்தில் மகனை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுங்கள். பாட்டு, ஜெபம், பிரசங்கம், வீடு என்று நாலு படம் வரைந்த அட்டை ஒன்றை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தை மூடச் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பயம் குறையும். அரை மணி நேரத்தில் போதும் என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள், அடுத்த வாரம் வாருங்கள். அவன் அலறுவது அடங்காமையும் அல்ல, சாபமும் அல்ல என்பதைப் பாஸ்டரே சபையில் ஒருமுறை சொல்லிவிட்டால் உங்கள் பாரம் பாதி இறங்கும். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. ஆறு வயதும் நாலு வயதும். சமாளிக்க முடியுமா? (பாளையங்கோட்டை)

பதில்: முழுவதும் உட்கார வைக்காதீர்கள். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் உள்ளே இருங்கள். பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறவை "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற முதல் வார்த்தையும், தாயை யோவானிடம் ஒப்புவிக்கிற மூன்றாம் வார்த்தையும், "தாகமாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வார்த்தையும்தான். தாகம் எந்தப் பிள்ளைக்கும் புரியும். ஒரு தாளை ஏழு கட்டமாக மடித்துக் கொடுத்து, கேட்ட வார்த்தைக்கு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். மீதிக் கட்டங்களை வீட்டுக்கு வந்தபின் நீங்கள் சொல்லிக்கொடுக்க, வரைந்து முடிக்கட்டும். போவதும் வருவதும் வார்த்தைக்கு வார்த்தை நடுவில் பாட்டு பாடும்போது இருக்கட்டும். வெயில் காலம் என்பதால் தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், நாலு வயதுக்காரருக்கு மாற்றுச் சட்டை ஒன்றும்.