சாமன் மீனைச் சுவரில் மாட்ட ஆசைப்படும் தம்பிக்கு

தம்பி, கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் ஸ்காபரோ ஏரிக்கரையில் இருக்கிற புளஃபர்ஸ் பார்க்கில் இருந்து நண்பரின் போட்டில் போய் 38 அங்குலச் சினூக் சாமன் பிடித்திருக்கிறீர். கெட்டிக்காரன். அதைப் பாடம் செய்து சுவரில் மாட்ட என்ன செலவாகும், நல்லாய் வருமா, நாறுமா என்று கேட்கிறீர். கூடவே குளிர் ஜக்கெட் எங்கே வாங்குவது, பழைய கார் எடுக்கலாமா என்றும் ஒரு கேள்வி. ஜக்கெட் எங்கே என்றாலும் வாங்கும், பனி கொட்ட முதல் வாங்கும். கார் பற்றிப் புத்தி சொல்ல ஸ்காபரோவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மீன் கதைக்கு வருவோம்.

விலை அங்குலக் கணக்கு. மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரை அளந்து அங்குலத்துக்கு இவ்வளவு என்பார்கள். ஒன்ராரியோவில் இப்போது 20 முதல் 30 டொலர் என்று வைத்துக்கொள்ளும். உம்முடைய மீனுக்கு 760இல் இருந்து 1,140 வரை வரும், மேலே 13 வீதம் எச்.எஸ்.ரி. விற்பனை வரி. அடியில் வைக்கும் மரக்கட்டை, பலகை எல்லாம் தனிக் காசு. பாதியை முற்பணமாய் வாங்குவார்கள். மீன் திரும்பி வர ஒரு வருடம் செல்லலாம். அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். நல்ல கைக்காரரிடம் வரிசை அப்படித்தான்.

தரம்தான் பெரிய கதை. இதில் இரண்டு வகை. ஒன்று உண்மைத் தோல். சுவர்ப் பக்கமாய் வரப்போகும் விலாவைக் கீறித் தோலை உரித்து, சதையை வழித்து, மருந்து போட்டு, ஃபோம் உடம்பில் இழுத்துத் தைத்துக் காயவிடுவார்கள். காய்ந்த பிறகு பார்த்தீர் என்றால் அழுகை வரும், அசல் கருவாட்டு நிறம். பிறகு கண்ணாடிக் கண் வைத்து, தலை முதல் வால் வரை பெயின்ற் ஸ்பிறே பண்ணுவார்கள். நீர் காணப்போகும் வெள்ளியும் பச்சையும் முழுக்கப் பெயின்ற்தான். ஆகவே உம்முடைய காசு போவது அந்தப் பெயின்ற்காரரின் கைக்கு.

மற்றது ரெப்ளிக்கா. அதே அளவான வேறொரு மீனில் எடுத்த அச்சில் ஃபைபர்கிளாஸ் வார்த்து நிறம் தீட்டுவது. இதற்கு உம்முடைய மீனே தேவையில்லை. நீளம், வயிற்றுச் சுற்றளவு, பிடித்த உடனே எடுத்த இரண்டு மூன்று தெளிவான படம், இவ்வளவும் போதும்.

சாமனுக்கு நான் சொல்வது ரெப்ளிக்காதான். சாமனும் ட்ரவுட்டும் கொழுப்பு மீன். கொழுப்பைச் சரியாய் எடுக்காமல் விட்டால் நாலைந்து வருடத்தில் எண்ணெய் மேலே வரும். என் உறவினர் வீட்டில் ஒன்று இருக்கிறது, பாதி விலைக்கு யாரோ கராஜில் வைத்துச் செய்து கொடுத்தது. செட்டையின் அடியில் மஞ்சளாய் எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டி, தலை சுருங்கிக் கண் மட்டும் பிதுங்கி நிற்கிறது. முதுகுச் செட்டையில் மூன்று வெடிப்பு. வெயில் காலத்தில் கிட்டப் போனால் மணக்கும். அதற்குக் கீழேதான் வெள்ளைத் தோல் சோஃபா போட்டு வருகிறவர்களை இருத்துகிறார்கள். நானும் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

யாரிடம் கொடுத்தாலும் புது வேலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன் செய்த சாமன் ஒன்றைக் காட்டச் சொல்லும். வாய்க்குள்ளே பாரும், செட்டை உடம்பில் சேரும் இடத்தைப் பாரும். ரெப்ளிக்கா என்றால் வயிற்றோரமாய் விரலை ஓட்டும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த வரம்பு விரலில் பட்டால் தேய்த்து முடிக்கப் பஞ்சிப்பட்ட வேலை. ஃபைபர்கிளாஸில் குளியல் தொட்டி வார்க்கிற பக்ரறியில் வருடக்கணக்காய் நின்ற விரல் எனக்கு, அந்த வரம்பு கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

இன்னொன்று. தோல் காத்திருக்காது, ரெப்ளிக்கா காத்திருக்கும். பேஸ்மென்ற் வாடகையும் ஊருக்கு அனுப்புகிற காசும் கழுத்தை நெரிக்கிற முதல் வருடத்தில் ஆயிரம் டொலரைச் சுவரில் ஆணி அடித்து வைக்க என்ன அவசரம்? அளவையும் படத்தையும் பத்திரப்படுத்தும். சொந்தச் சுவர் வந்த பிறகு செய்விக்கலாம். சுற்றளவு தெரிந்தால் நிறையும் கணக்குப் பார்க்கலாம்: சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுத்தால் இறாத்தல் வரும். 22 அங்குலச் சுற்று என்றால் உம்முடையது 23 இறாத்தலுக்குக் கிட்ட. 40 இறாத்தல் என்று ஃபேஸ்புக்கில் போடுகிற நம்மவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டிவிடாதையும்.

இல்லை, உண்மைத் தோல்தான் வேண்டும் என்று நின்றால் வயிற்றைக் கீற வேண்டாம், கழுத்தை வெட்ட வேண்டாம். துவாயை நனைத்துச் சுற்றி, செட்டைகளை உடம்போடு படிய வைத்து, காற்றுப் போகாமல் பிளாஸ்ரிக்கில் கட்டிப் பிறீசரில் போடும். பேப்பரில் சுற்றினால் மை ஒட்டும்.

சாப்பிட நினைத்தால், ஒன்ராரியோ அரசு எந்த ஏரியில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. பெரிய மீனில் பாதரசமும் மற்ற நஞ்சும் கூடுதலாய் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சிறுவருக்கும் அளவு வேறு. நம்மவர் அதைத் திறந்தும் பார்க்காமல் சொந்தக்காரர் வீடு வீடாய்த் துண்டு பிரித்துக் கொடுப்பார்கள். அனுமதித்த கணக்குக்கு மேலே பிடித்துக் காரின் டிக்கியில் ஒளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிகாரி பிடித்தால் தூண்டில், கார் எல்லாம் பறிபோகலாம். அடுத்த வாரம் அதே கரையில் நிற்கிற எங்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார், அதுதான் எனக்குக் கோபம்.

நான் வந்தது 1991இல். யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான மயிலிட்டி ஆள். அதற்கு முந்தின வருடமே சண்டையால் ஊரை விட்டு எழும்பியாயிற்று. பேஸ்மென்றில் ஆறு பேர், அந்தத் தொட்டிப் பக்ரறியில் இரவு வேலை, ஃபைபர்கிளாஸின் கண்ணாடி நார் கழுத்தில் குத்திக் குத்தி விடியும் வரை சொறி. பச்சைத் தண்ணியில் கழுவு, சுடுதண்ணி விடாதே என்று முதலில் சொல்லித் தந்தவர் பக்ரறிப் போர்மன். அவர் கனடாவின் கிழக்குக் கடல் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்காரர். 1992 ஆடியில் அரசு அங்கே கொட் மீன்பிடியை நிறுத்தியபோது அவருடைய தம்பிமார் இரண்டு பேருக்கும் தொழில் போனது. கடல் இருந்தும் இறங்க ஏலாத கதை எனக்கும் தெரியும் என்று, என்னுடைய அரைகுறை இங்கிலிசில் சொன்னேன். அந்த மாரியில் அவர்தான் என்னை உறைந்த சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்கக் கூட்டிப் போனார். பேர்ச் மீனுக்கு அவர் மாவும் உப்பும் மட்டும் போடுவார். நான் கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டுப் பொரித்துக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அந்தச் சிவப்புத் தூளை மறக்காதே என்று போன் வரும். மீனைச் சுவரில் மாட்டுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது, சட்டியில் இடமில்லையா என்று கேட்பார்.

ஐஸில் குந்தியிருக்க ஆசை என்றால் தை கடைசியில் ஒரு சனிக்கிழமை வாரும். ஐஸ் தடிப்பு எவ்வளவு என்று ஐஸில் மீன்பிடிக் குடில் வாடகைக்கு விடுகிறவர்களிடம் கேட்டபிறகுதான் கால் வைப்போம். துளை போடும் இயந்திரமும் மிளகாய்த்தூளும் என் பொறுப்பு. மீன்பிடி லைசென்ஸ் இல்லாமல் வந்தீர் என்றால் காருக்குள்ளே இருந்து பார்க்க வேண்டியதுதான்.