சலத்தில் இரத்தம்: கதிர், கட்டி, தையல் – கேள்வி பதில்

சிறுநீர்ப் பாதைச் சத்திரசிகிச்சை பற்றி வன்னி உறவுகள் கேட்டவற்றுக்கு, என் துறைக்குள் வருபவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

முழங்காவில்: அம்மாவுக்கு 2016இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுத்தார்கள். இப்போது சலம் சிவப்பாகப் போகிறது. நோய் திரும்பிவிட்டதா ஐயா?

அப்படித்தான் இருக்கவேண்டும் என்றில்லை மகள். கருப்பைக்கு முன்னால் இருக்கும் சலப்பையிலும் கதிர் படத்தான் செய்யும். அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு உட்தோல் வெளிறும். ஈடுகட்ட முளைக்கும் புதுக் குழாய்கள் லேசாக உரசினாலும் கசியும். இது ஆறு மாதத்திலும் வரும், இருபது வருடம் கழித்தும் வரும். ஆனால் ‘பழைய கதிர்தான்’ என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டவேண்டாம். கதிர் பட்ட சலப்பையில் பிற்காலத்தில் புதுக் கட்டி வருவதும் உண்டு. சலவழியால் சலப்பைக்குள் கமரா விட்டுத்தான் பார்க்கவேண்டும். மகரகம அல்லது தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டை (நோய் விபர அட்டையை) கட்டாயம் கொண்டுபோங்கள். கதிர் பட்ட இடத்தில் அவசியமில்லாமல் பரிசோதனைக்குத் துண்டு வெட்டினால் அந்தப் புண் ஆறாமல் ஓட்டையாகலாம். இரத்தம் உறைந்து சலம் அடைபட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒட்டுசுட்டான்: பெரியம்மாவுக்கும் கதிர்தான். சலம் பிறப்புறுப்பு வழியாக இரவு பகலாக ஒழுகுகிறது. ஒருமுறை தைத்தும் விட்டுப்போனது. நல்லது கெட்டதுக்கும் போகாமல் அறைக்குள்ளேயே இருக்கிறா.

சலப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையில் ஓட்டை விழுந்திருக்கிறது. இரத்தம் ஓடாத தசையை இன்னொரு இரத்தம் ஓடாத தசையோடு தைத்தால் பிடிக்காது. முதலில் ஓட்டையின் விளிம்பில் துண்டெடுத்து, நோய் திரும்பவில்லை என்று உறுதிப்படுத்தவேண்டும். இந்தத் துண்டு அவசியமானது. புண் அடங்கச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்வரை பொறுக்கவேண்டும். பிறகு தைக்கும்போது, பிறப்புறுப்பின் உதட்டிலுள்ள கொழுப்பையோ குடல்மேல் போர்த்திய கொழுப்புச் சவ்வையோ அதன் இரத்தக் குழாயோடு இறக்கி சலப்பைத் தையலுக்கும் பிறப்புறுப்புத் தையலுக்கும் நடுவில் வைப்போம். உதட்டுக் கொழுப்பை வைப்பது மார்ட்டியுஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1928இல் எழுதிய முறை, இன்றும் கைகொடுக்கிறது. அதற்கும் இடமில்லை என்றால் குடல் துண்டொன்றால் சலத்தை வயிற்றின் வெளியே ஒட்டும் பைக்குத் திருப்பலாம். சிறுகுடலும் கதிரில் வெந்திருந்தால் மேலே இருக்கும் பெருங்குடல்தான் பாதுகாப்பு. பை வந்தால் பெரியம்மா திரும்பவும் கோயிலுக்குப் போவா. அவவிடம் அதைச் சொல்லுங்கள்.

செட்டிகுளம்: கிணற்றுத் தண்ணீரால் சிறுநீரகம் பழுதாகுமா?

என் துறை இல்லை. சிறுநீரகக் கிளினிக்கில் கேளுங்கள்.

பரந்தன்: அப்புவுக்கு 71 வயது, சுருட்டுக் குடிப்பவர். இரண்டு நாள் சலம் சிவப்பாகப் போனது, நோவில்லை. வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம், நின்றுவிட்டது.

நோவில்லாமல் வந்ததுதான் எனக்குப் பயம். சலப்பைக் கட்டியின் இரத்தம் வரும், தானே நிற்கும், மாதங்கள் கழித்துத் திரும்பவும் வரும். புகைதான் இந்தப் புற்றுநோயின் முதற்காரணம். இந்தக் கிழமையே காட்டுங்கள்.

நெடுங்கேணி: எங்கள் மாமாவுக்கும் வாழைத்தண்டில்தான் நின்றது. பரியாரியார் சொன்னதைக் குறை சொல்லவேண்டாம் ஐயா.

பரியாரியாரைக் குறை சொல்லவில்லை தம்பி. சாறு குடிக்காவிட்டாலும் அது நின்றிருக்கும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மாமாவைக் கமரா விட்டுப் பார்த்தார்களா?

நெடுங்கேணி: இல்லை. இரண்டு வருடமாக ஒன்றுமில்லையே.

கட்டி மேல்தோலோடு நிற்கும்போது பிடித்தால் சலவழியாலேயே சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் பிசிஜி மருந்தை (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமி மருந்து) சலப்பைக்குள் விடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பலருக்குச் சலப்பையையே எடுக்கவேண்டி வரும். மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பிலிருந்தும் ‘நின்றுவிட்டது, விடலாமா’ என்றே கேட்டிருக்கிறீர்கள். விடக்கூடாது. மூவருக்கும் அதுதான் பதில்.

விசுவமடு: 2009இல் காயம்பட்டுச் சலவழி ஒடுங்கிவிட்டது. அடிக்கடி கம்பி விட்டு விரிக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப விரித்தால் தழும்பு தடிக்கும். ஒடுங்கிய பகுதியை வெட்டி இணைக்கலாம், அல்லது கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டலாம். வெற்றிலை பாக்குப் போடுபவரென்றால் இன்றே விடுங்கள். கன்னம் இறுகிப்போனால் ஒட்டுவதற்கு நல்ல தோல் கிடைக்காது.