அனுபவமுள்ள விமானியின் சிறு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுவது எப்படி? அது வெறும் அசட்டைதானே?

"அசட்டை" என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் யாரோ பறக்கப் பழகுகிறார், அந்தப் பயத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் திருகோணமலைக்காரன். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் பறக்கப் பழகி, பணம் போதாமல் உரிமம் எடுக்கும் முன்பே நிறுத்தியவன். "இதைச் சொல்ல நீ யார்?" என்று கேட்பவர்களோடு வாதாட வரமாட்டேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓர் ஆடி மாதம் பயிற்றுநரும் நானும் செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தில், இரத்மலானையிலிருந்து திருகோணமலையின் விமான நிலையம் இருக்கும் சீனக்குடாவுக்கு வந்தோம். ஏறத்தாழ 240 கிலோமீற்றர். இரண்டு பேர் பைகளோடு ஏறினால் அந்த விமானத்தில் எடைக் கணக்கு இடிக்கும். அதனால் தொட்டிகளை முழுக்க நிரப்பாமல் 75 லீற்றரோடு கிளம்பி, ஒரு மணி ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டோம். கோணேசர் மலையை வானத்திலிருந்து பார்த்த பூரிப்பில், திரும்பவும் அதே நேரம்தான் ஆகும் என்று தாளில் எழுதினேன். எரிபொருள் மானியின் முள் பாதிக்கு மேலே நின்றது. பயிற்றுநர் அந்த முள்ளைப் பார்க்கவேயில்லை. ஏறி நின்று தொட்டிகளுக்குள் அளவுகோலை விட்டார். மொத்தம் 46 லீற்றர். அதிலும் ஐந்தாறு லீற்றர் இயந்திரத்துக்குப் போகாமல் அடியிலேயே தங்கிவிடும்.

"வரும்போது தள்ளிவிட்ட காற்று, போகும்போது மறிக்கும்" என்றார்.

ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று! கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது நினைவில் வரவில்லை. மறுபடி கணக்கிட்டோம். திரும்ப ஒரு மணி ஐம்பது நிமிடம், மணிக்கு 23 லீற்றர் வீதம் 42 லீற்றர் வேண்டும். இயந்திரத்துக்குப் போகக்கூடியதோ ஏறத்தாழ 40தான். இரத்மலானை ஓடுபாதை கண்ணில் படும் தூரத்தில் இயந்திரம் நின்றிருக்கும். பகலில் இறங்கும்போதும் அரை மணி நேர எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்ற அமெரிக்க விதியை நான் மனப்பாடமாகவே சொல்வேன். அப்படியும் எழுதினேன் அந்தத் தாளை.

அன்றிரவு இருவரும் எங்கள் வீட்டில் தங்கினோம். மறுநாள் லொறியில் எரிபொருள் வந்தது. கடற்றொழில் செய்யும் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கச்சானில் போகும்போது காற்றே கொண்டுபோய் விடும், தம்பி. கரைக்குத் திரும்பத்தான் தனிக் கலன் எண்ணெய் வைப்போம்" என்றார்.

அசட்டையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2016இல் கொலம்பியாவில் 71 பேர் இறந்த விமானம் போதிய மிச்சமில்லாமல்தான் கிளம்பியது. ஆனால் 1983இல் கனடாவில் நடுவானில் எரிபொருள் தீர்ந்த பெரிய பயணிகள் விமானத்தில், இறாத்தலையும் கிலோகிராமையும் குழப்பியவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அவர்களும் கணக்குப் பார்த்தார்கள், கணக்குத்தான் பிழை.

எண்ணெய் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அவற்றின் அருகிலேயே வாழ்கிற என் அப்பா, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் படகுக்கான மண்ணெண்ணெய்க்காக வெறுங்கலனோடு மூன்று நாட்கள் வீதியில் படுத்துக் கிடந்தார். கடைசியில் ஐந்து லீற்றர் கொடுத்தார்கள். அதைக் கொண்டு எந்தக் கடலுக்குப் போய்த் திரும்புவது?